பதின்ம வயதினரின் மனநலமும் படிப்பார்வமும்: டேவிட் யேகரின் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வுக்கு முந்தைய இரவு கை நடுங்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது? திருத்திய விடைத்தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கும் மாணவியிடம் எப்படிப் பேசுவது? அமெரிக்க உளவியலாளர் டேவிட் யேகர் இத்தகைய சின்னக் கேள்விகளைப் பெரிய சோதனைகளாக மாற்றியவர். 'அரை மணி நேரத்தில் மாணவரை மாற்றலாம்' என்று இவர் பெயரைச் சொல்லிப் பரப்புகிறவர்களும் உண்டு. 'எல்லாம் வெறும் ஊக்கப் பேச்சு' என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் இவருடைய கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்ததாகத் தெரியவில்லை.

யார் இந்த டேவிட் யேகர்?

ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன்பு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2011-இல் முனைவர் பட்டம் பெற்றார். 'வளர்மனப்பாங்கு' என்ற கருத்தால் உலகறிந்த கேரல் டுவெக் அங்கே இவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். அறிவுத்திறன் பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டதல்ல, வளர்க்கக்கூடியது என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தப் பெயர்.

அமெரிக்காவில் இளையோர் மனநலம் உண்மையிலேயே அவ்வளவு மோசமாக இருக்கிறதா?

அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அன்றாட வேலைகளையே விட்டுவிடும் அளவுக்குத் தொடர்ந்து துயரமோ நம்பிக்கையின்மையோ இருந்ததாகச் சொன்னவர்கள் 2011-இல் 28 விழுக்காடு. 2021-இல் 42 விழுக்காடு. பெண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 57. 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதைத் தேசிய நெருக்கடி என்றே அறிவித்தது. 2023-இல் மொத்த அளவு 40 ஆகச் சற்று இறங்கியது. ஆறுதல் கொள்ளும் அளவுக்கு இல்லை.

இவர் சொல்வதன் சாரம் என்ன?

பதின்ம வயதினரை முதிராத மூளையோடு திரிகிறவர்களாக, பின்விளைவு தெரியாதவர்களாகப் பார்ப்பதுதான் வழக்கம். அதனால்தான் நம் அறிவுரைகள் எல்லாம் 'இதைச் செய்தால் கெடுவாய்' என்ற வகையிலேயே இருக்கின்றன. யேகரும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரொனால்டு டாலும், டுவெக்கும் 2018-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தப் பார்வையை மறுக்கிறது. பருவமடையும்போது ஏற்படும் ஹார்மோன் மாற்றங்கள், மதிப்பும் மரியாதையும் கிடைக்கிறதா என்பதில் பிள்ளைகளைக் கூர்மையாக்குகின்றன. ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் இளக்காரம் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளை அதை உடனே பிடித்துவிடும். சிறு பிள்ளைகளிடம் எடுபடும் விழிப்புணர்வுப் பாடங்கள் மேல் வகுப்புகளில் எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம் என்கிறார்கள். அறிவுரையின் உள்ளடக்கம் சரியாகவே இருக்கலாம். 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்ற தொனிதான் காதில் விழுகிறது.

டெக்சாஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. முதன்மை ஆய்வாளர் கிறிஸ்டோபர் பிரையன், யேகரும் உடனிருந்தார். நொறுக்குத்தீனி உடம்புக்குக் கெடுதல் என்று பாடம் நடத்தவில்லை. உணவு நிறுவனங்கள் சிறுவர்களை மயக்கி வாங்க வைப்பதற்காக என்னென்ன செய்கின்றன என்று அம்பலப்படுத்தும் செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு அந்நிறுவனங்களின் விளம்பரப் படங்களைக் கொடுத்து, அவற்றின் மேல் கிறுக்கி 'உண்மையாக்கச்' சொன்னார்கள். நொறுக்குத்தீனியைத் தவிர்ப்பது கண்டிப்பவர்களுக்கு அடங்குவது என்றிருந்தது, ஏமாற்றுகிறவர்களை எதிர்ப்பது என்று மாறியது. பள்ளி உணவகத்தின் விற்பனைப் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்பிள்ளைகள் நொறுக்குத்தீனி வாங்குவது அந்தக் கல்வியாண்டின் எஞ்சிய மாதங்களிலும் குறைந்தே இருந்தது.

விடைத்தாளில் ஒட்டிய ஒரு குறிப்புச் சீட்டு மாணவர்களை மாற்றியது என்கிறார்களே, அது என்ன?

2014-இல் வெளியான ஆய்வு. ஏழாம் வகுப்பு மாணவர்கள் தாங்கள் முன்மாதிரியாகப் போற்றும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள், பிழை காட்டினார்கள், ஓரத்தில் குறிப்பெழுதினார்கள். திருப்பித் தரும்போது ஒவ்வொரு கட்டுரையோடும் ஆசிரியரின் கையெழுத்தில் ஒரு சீட்டு சேர்க்கப்பட்டது. பாதிப் பேருக்கு, 'உன் கட்டுரை பற்றி உனக்குக் கருத்து கிடைக்கட்டும் என்று இவற்றை எழுதியிருக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி. மற்றப் பாதிக்கு, 'உன்னிடம் நான் மிக உயர்வாக எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவற்றை எழுதியிருக்கிறேன்' என்று ஒரு வரி. யாருக்கு எந்தச் சீட்டு போகிறது என்பது ஆசிரியருக்கே தெரியாது.

திருத்தி எழுதித் தருவது கட்டாயமில்லை, விரும்பினால் தரலாம். வெள்ளையின மாணவர்களில் சாதாரணச் சீட்டு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் திருத்தித் தந்தார்கள். இரண்டாவது சீட்டு பெற்றவர்களில் 87 விழுக்காட்டினர். கறுப்பின மாணவர்களிடம் தெரிந்த மாற்றம்தான் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. 17 விழுக்காடாக இருந்தது 70-ஐத் தாண்டியது.

அது ஏன் அவர்களிடம் இவ்வளவு கூடியது? சிவப்பு மையைப் பார்த்ததும் 'எனக்கு எழுதத் தெரியவில்லை என்கிறாரா, அல்லது என் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறாரா?' என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுவதற்கு நாட்டின் வரலாறே காரணம். அந்தச் சந்தேகத்துக்கு இரண்டாவது சீட்டு பதில் சொல்லிவிடுகிறது. பள்ளியின் மீது முன்பே நம்பிக்கை இழந்திருந்த மாணவர்களிடம்தான் பலன் மிகுதியாகத் தெரிந்தது.

இந்த யோசனை யேகர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் மூவரும் 1999-இலேயே பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைக் காட்டியிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சீட்டு ஆய்வில் இருந்தவர்கள் சில பத்து மாணவர்களே. இந்த விழுக்காடுகளை அப்படியே எல்லாப் பள்ளிக்கும் எழுதிவைப்பது சரியாகாது. இந்த ஆய்வை எடுத்துக்காட்டுபவர்களில் பலர் இதைச் சொல்வதேயில்லை.

மன அழுத்தம் நல்லது என்கிறாரா இவர்?

2022 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வைப் பார்ப்போம். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜெரமி ஜேமிசன், ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் முதலியோர் உடன் செய்தது. ஆறு சோதனைகள், 4,000-க்கும் மேற்பட்ட பள்ளி, கல்லூரி மாணவர்கள். ஏறத்தாழ 30 நிமிடம் கணினியில் தாமாகவே படித்து முடிக்கும் பயிற்சி அது. அதில் இரண்டு கருத்துகள் பின்னிப் பிணைந்திருக்கின்றன: ஒன்று, கடினமான வேலையால் திறன் வளரும், இரண்டு, அப்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடம்பு அந்த வேலைக்குத் தயாராவதன் அடையாளங்கள்.

இதை எப்படிச் சோதித்தார்கள் என்பதுதான் சுவையானது. 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறை இருக்கிறது. இறுகிய முகத்தோடு இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். மாணவர் அவர்கள் முன்னே நின்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அது முடிந்ததும் எதிர்பாராமல் அடுத்த கட்டளை வரும்: ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல். தவறினால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவும் நடக்கும்போது மார்பில் ஒட்டிய உணரிகள் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் அளந்துகொண்டிருக்கும்.

இதயம் இரண்டு நிலையிலும் வேகமாகத்தான் துடிக்கும். ஆபத்து என்று உடம்பு எடுத்துக்கொண்டால் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. 'கடினம்தான், சமாளிப்பேன்' என்று எடுத்துக்கொண்டால் அவை விரிந்து, மூளைக்கும் தசைகளுக்கும் இரத்தம் தாராளமாகப் போகிறது. பயிற்சி பெற்ற மாணவர்களின் குழாய்கள் குறைவாகவே இறுகின. இன்னொரு சோதனை உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அன்றாடக் கார்ட்டிசோல் (மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்) அளவை உமிழ்நீர் வழியாகப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது, பாடங்களில் தேறியவர்களும் கூடுதல். 2020-இல் கொரோனா முடக்கம் வந்தபோது, அதற்கு முன்பே இந்தப் பயிற்சியைப் பெற்றிருந்த கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. இரண்டு கருத்துகளில் ஒன்றை மட்டும் சொன்னால் இந்தப் பலன் கிடைப்பதில்லை என்பதும் தெரிந்தது.

அப்படியானால் எந்த அழுத்தத்தையும் தாங்கச் சொல்லலாமா?

கூடாது. ஆய்வாளர்களே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தேர்வு, மேடைப் பேச்சு, புதிய பள்ளி, கடினமான பாடம் ஆகிய கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள அழுத்தங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி. அடி, வசை, பாலியல் தொல்லை, பசி, சாதி அல்லது இன இழிவு இவற்றால் வரும் துன்பத்தை 'உன்னை வளர்க்கும்' என்று சொல்வது ஆய்வைத் திரிப்பதாகும். அதைவிட, அது கொடுமை. மாணவர்களை நாள் முழுக்கப் பிழிந்தெடுக்கும் நிறுவனம் ஒன்று இந்த ஆய்வைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால், அதன் வாசலில் நில்லாமல் திரும்பிவிடுங்கள்.

வளர்மனப்பாங்குப் பயிற்சியால் மதிப்பெண் கூடுமா?

கூடும், கொஞ்சம். 2019-இல் 'நேச்சர்' வெளியிட்ட யேகர் குழுவின் தேசிய ஆய்வில் அமெரிக்கா முழுவதிலுமிருந்து 65 அரசுப் பள்ளிகளின் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருந்தார்கள். இரண்டு அமர்வுகள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தவர்களின் சராசரி 4 புள்ளி அளவையில் 0.10 கூடியது. சராசரியே மிகத் தாழ்ந்த தரமான டி, எஃப்-இல் கிடந்தவர்களின் விகிதம் 5.3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. அடுத்த ஆண்டு உயர்நிலைக் கணிதப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 3 விழுக்காட்டுப் புள்ளி கூடினர்.

பயிற்சியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. 'உன்னிடம் குறை இருக்கிறது, சரிசெய்கிறோம்' என்று எங்கும் சொல்வதில்லை. மூளை கற்கும்போது எப்படி மாறுகிறது என்ற அறிவியல் செய்தி இருக்கும், மூத்த மாணவர்களின் அனுபவம் இருக்கும். கடைசியில், அடுத்த ஆண்டு இந்த வகுப்புக்கு வரப்போகும் ஒருவருக்கு நீயே எழுது என்று கேட்பார்கள். உதவி பெறுகிறவர் இடத்திலிருந்து உதவுகிறவர் இடத்துக்கு மாணவர் மாறிவிடுகிறார். மேலே சொன்ன மரியாதைக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது.

0.10 புள்ளியா? இதற்கா இவ்வளவு ஆரவாரம்?

நியாயமான கேள்வி. ஒரு தனிப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் இது கண்ணில்கூடப் படாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற, ஆசிரியர் தேவைப்படாத, ஏறக்குறையச் செலவே இல்லாத ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நாடு முழுக்க நடத்தினால் கணிசமான மாணவர்கள் தோல்வியிலிருந்து தப்புவார்கள். யேகரும் கிரிகரி வால்டனும் 2011-இலேயே எழுதிய ஆய்வுரையின் தலைப்பு, இவை மந்திரமல்ல என்றுதான் சொல்கிறது. மந்திரம் என்று விற்றவர்கள் வேறு ஆட்கள்.

விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்?

புறந்தள்ள முடியாத விமர்சனங்கள். புரூக் மெக்னமாராவும் அலெக்சாண்டர் பர்கோயினும் 2023-இல் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல தரத்தில் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் ஏறத்தாழ இல்லை என்றார்கள். இதில் பண ஆதாயம் உள்ள ஆய்வாளர்களின் கட்டுரைகளில் பலன் பெரிதாகத் தெரிகிறது என்றும் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு, அவர்கள் கட்டுரை வந்த இதழிலேயே, ஜெனி பர்னெட் குழுவின் தொகுப்பாய்வும் வந்தது. சராசரியைப் பார்க்காதீர்கள், யாருக்கு எங்கே பலிக்கிறது என்று பாருங்கள் என்றது அது.

பிரிட்டனில் 2019-இல் முடிவு வெளியான, 101 பள்ளிகளில் ஆசிரியர்கள் வழியாக நடத்திய திட்டம் பத்து வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்திலும் பலனில்லை. நார்வேயில் யேகர் குழுவின் பயிற்சியைத் தழுவி நடத்தியபோது உயர்கணிதம் எடுக்கும் மாணவர்கள் கூடினார்கள். ஆக, உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது என்று மழுப்ப வேண்டியதில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்ற பழைய வாதம் தோற்றுவிட்டது. சில சூழல்களில், சில மாணவர்களுக்கு, சிறிதளவு பலிக்கிறது என்ற வாதம் நிற்கிறது.

ஏன் சில பள்ளிகளில் மட்டும் பலிக்கிறது?

இதுதான் யேகரின் உண்மையான பங்களிப்பு என்பது என் எண்ணம். நம்பிக்கை விதை, பள்ளி மண் என்று யேகர் குழுவினர் சொல்வார்கள். தேசிய ஆய்வில், கடினமான கணக்கைத் தேடிப்போவது சக மாணவர்களிடையே கேலிக்குரியதாக இல்லாத பள்ளிகளில்தான் மதிப்பெண் உயர்ந்தது. 2022-இல் வந்த தொடர் ஆய்வு ஆசிரியரையும் கணக்கில் எடுத்தது. கணக்கு ஆசிரியரே 'சிலருக்கு வரும், சிலருக்கு வராது' என்று நம்பினால், பயிற்சி பெற்ற மாணவருக்கும் பலன் தெரியவில்லை. பிள்ளையின் மனத்தை மட்டும் திருத்திவிட்டு வகுப்பறையை அப்படியே விட்டால் வேலைக்கு ஆகாது. பழியை மாணவர் தலையில் மட்டும் கட்டுகிறார்கள் என்று இந்தத் துறையைக் குறைகூறுபவர்களுக்கு இந்த முடிவுகளே பாதி பதில்.

மனச்சோர்வுக்கும் இவர் ஆய்வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஒதுக்கப்பட்ட பிள்ளை 'நான் இப்படித்தான், அவர்களும் அப்படித்தான், எதுவும் மாறாது' என்று முடிவு கட்டிவிடுவதுதான் ஆபத்து. மனிதர்கள் மாறக்கூடியவர்கள் என்று கற்பிக்கும் சிறு பயிற்சியை அட்ரியானா மியுவும் யேகரும் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில், ஏறத்தாழ 600 மாணவர்களிடம் சோதித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், ஒன்பது மாதம் கழித்து, தீவிர மனச்சோர்வு அறிகுறிகள் கொண்டவர்களின் விகிதம் ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது. இது மாணவர்களே நிரப்பிய படிவங்களின் அடிப்படையிலானது, மருத்துவர் பார்த்துச் சொன்னதல்ல.

செல்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைச் சோதிக்கவில்லை. இவர் பெயரில் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

'இன்னும் முயற்சி செய்' என்று சொல்வதுதானே வளர்மனப்பாங்கு?

இல்லை. ஏற்கெனவே இரவெல்லாம் படித்துத் தோற்ற பிள்ளைக்கு 'முயற்சி போதாது' என்பது இன்னொரு அடி. முறையை மாற்று, தெரிந்தவரிடம் கேள், எங்கே சறுக்கியது என்று பார்க்கலாம் வா என்பவையும் சேர்ந்ததுதான் அது. வெறும் உழைப்பைப் புகழ்வதைப் போலி என்று டுவெக்கே கண்டித்திருக்கிறார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

2024-இல் வெளிவந்த நூலில் யேகர் மூன்று வகைப் பெரியவர்களைச் சொல்கிறார். கண்டிப்பு மட்டும் காட்டி ஆதரவு தராதவர். ஆதரவு மட்டும் தந்து எதிர்பார்ப்பைத் தளர்த்திவிடுபவர். எதிர்பார்ப்பை விடாமல், அதை எட்டவும் கைகொடுப்பவர். மூன்றாமவரே வழிகாட்டி. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பா முதல் வகை, தாத்தா பாட்டி இரண்டாம் வகை. பிள்ளை இடையில்.

'டென்ஷன் ஆகாதே' என்று சொல்வதற்குப் பதிலாக, 'படபடக்கிறதா? இது உனக்கு முக்கியம் என்பதால்தான் அப்படி. உடம்பு தயாராகிறது' என்று சொல்லிப் பாருங்கள். ஜேமிசனும் மற்றவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்த மாணவர்களிடம் பதற்றம் மதிப்பெண்ணைக் கெடுக்காது, உதவவும்கூடும் என்று மட்டுமே சொன்னார்கள். அவர்களின் கணித மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதோடு, தீர்ப்பு சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள். 'ஏன் படிக்கவில்லை?' என்பது கேள்வியல்ல, குற்றச்சாட்டு. 'எந்த இடத்தில் நின்றுபோனாய்?' என்பது கேள்வி.

நம் பொதுத்தேர்வுச் சூழலுக்கு இது பொருந்துமா?

அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்க மாணவரின் சராசரி ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்வது. கடினமான பாடத்தைத் தேர்வதும் விடுவதும் அவர் கையில் இருக்கிறது. ஒரே தேர்வில் எல்லாம் முடிவாகும் இடத்தில் அந்த வாய்ப்புகள் சுருங்கிவிடுகின்றன. பதற்றத்தைப் புரிந்துகொள்ளும் பகுதி எங்கும் உதவக்கூடும்; அதையும் இங்கே சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இது சிகிச்சைக்கு மாற்றா?

அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எல்லோரிடமிருந்தும் ஒதுங்கினால், சாவைப் பற்றிப் பேசினால் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

என் வகுப்பில் 50 பேர். ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுத முடியுமா?

எல்லாத் தாளுக்கும் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால், ஆண்டின் தொடக்கத்தில், கருத்துகள் அதிகம் எழுதித் திருப்பித் தரும் முதல் பெரிய வேலைக்கு ஒருமுறை போதும். நம்பிக்கை உருவாகவோ உடையவோ செய்வது அப்போதுதான். ஏழாம் வகுப்பில் அந்தச் சீட்டைப் பெற்ற கறுப்பின மாணவர்களை யேகர் குழு பின்தொடர்ந்தபோது, அடுத்த ஆண்டு அவர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்திருந்தன. பின்னாளில் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். சிறு குழுதான், முன்பே சொன்னபடி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தச் சீட்டுகள் நன்றாகத் திருத்தப்பட்ட கட்டுரைகளோடு போனவை. பிழைகளைக் காட்டாமல் வரியை மட்டும் அச்சடித்து 50 தாளிலும் ஒட்டினால், இரண்டாவது பெஞ்சிலேயே மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள்.